பல்லுக்கும் கழுதைக்கும் ஒரே புருவம்

பொம்மி ஆறு வருடமாக ஒரு கழுதையை வரிசையில் நிற்க வைத்திருந்தாள்.

நிஜக் கழுதை இல்லை, பதற வேண்டாம். கணினிக்குள் இருக்கிற கழுதை. அது ஒரு விண்ணப்பத்தாளை வாயில் கவ்விக்கொண்டு ஏதோ ஓர் அலுவலகத்தின் கவுண்டர் முன்னால் நிற்கிறது. நீளமான வரிசை. பசி வேறு. வரிசை ஓரடி நகரும்போதெல்லாம் தாளின் ஓரத்தில் ஒரு கடி. கடைசியில் தன் முறை வரும்போது கையில், மன்னிக்கவும், வாயில் தாள் இல்லை. தின்று தீர்த்துவிட்டது. அவ்வளவுதான் கதை. மூன்றே நிமிடப் படம்.

இதை யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. பொம்மிக்குத் தொழில் அனிமேஷன். எந்தக் கம்பெனியிலும் சேராமல், வீட்டின் பின்னறையில் மேசை போட்டு, விளம்பரக்காரர்கள், பாடப் புத்தகக்காரர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் படம் அசைத்துக் கொடுப்பாள். அது வயிற்றுக்கு. கழுதை மனசுக்கு.

மனசுக்குச் செய்கிற வேலை மூன்று நிமிடம் நீள ஆறு வருடம் ஏன் ஆகிறது என்று கேட்டால், அதற்குக் காரணம் அவளுடைய சோம்பல் இல்லை. சோம்பேறியாக இருந்திருந்தால் இரண்டு வருடத்தில் முடித்திருப்பாள். அவளுடைய சுறுசுறுப்புதான் காரணம்.

கழுதையின் காதை ஆட்ட வேண்டும் என்றால் மற்றவர்கள் காதை ஆட்டுவார்கள். பொம்மி, காதுகள் தாமாகவே ஆடுவதற்கு ஒரு கருவி எழுதுவாள். கணினிக்குப் புரிகிற பாஷையில், தன் கையாலேயே. அந்தக் கருவிக்குக் 'காதாட்டி' என்று பெயர் வைத்தாள். அதற்கு நான்கு மாதம். பிறகு வாலுக்கு 'வால்வீசி'. வரிசையில் நிற்கிற கூட்டத்தைத் தானே நிற்க வைத்து, தானே நெளிய வைப்பதற்கு 'வரிசைக்கட்டி'. அதற்கு மட்டும் ஒரு வருடமும் சில்லறை மாதங்களும். இப்படிப் பன்னிரண்டு கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான், பொத்தானுக்கு ஒரு சின்னப் படம், சின்னப் படத்துக்கு ஒரு நிறம்.

அவள் புருஷன் ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற மெக்கானிக். காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் மத்தியானம் சாப்பிட வருவான், மறுபடி போவான். பின்னறைப் பக்கம் வந்தால் வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டான்.

"எங்கிட்டயும் பெட்டி நிறைய ஸ்பேனர் இருக்கு," என்பான். "எல்லாம் கடையில வாங்கினது. நானே இரும்பை உருக்கி ஸ்பேனர் செஞ்சுதான் வேலை பார்ப்பேன்னு உக்காந்திருந்தா, இந்த ஊர்ல ஒரு வீட்லயும் தண்ணி ஜில்லுனு இருந்திருக்காது."

"உங்க வேலையும் என் வேலையும் ஒண்ணாங்க?"

"ஒண்ணில்லைதான். நான் முடிச்சுட்டு வந்துடறேன்."

அவனுக்கு ஒரு தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். பொம்மியின் படத்தில் அவளுக்கும் பங்கு உண்டு. கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற குமாஸ்தா அம்மாளின் முகம் படத்தில் வராது, குரல் மட்டும் வரும்: "அடுத்தது யாரு?" அந்தக் குரல் நர்ஸுடையது. படிக்கிற காலத்தில் ஒரு நாள் அண்ணி கேட்டாளே என்று விளையாட்டாகப் பேசிக் கொடுத்தது. இப்போது தினமும் வேலையில் நூறு தடவை அதையே சொல்கிறாள். போதாததற்குக் கழுதைக்கு ஒரு நல்ல புருவம் வேண்டும் என்று தேடியபோதும் பொம்மிக்கு நாத்தனாரின் புருவம்தான் கண்ணில் பட்டது. இடது புருவத்தை மட்டும் தூக்கி, வலதைச் சாய்த்து, எதிரில் இருப்பவரை ஒரு பார்வை பார்ப்பாளே, அது.

"கவுண்டருக்கு அந்தப் பக்கமும் நான், இந்தப் பக்கமும் நானா?" என்றாள் நர்ஸ். "நல்லவேளை அண்ணி, வாலாவது கழுதையோடதா இருக்கு."

விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊர் நூலகத்தின் மாடியில் வருடத்துக்கு ஒரு நாள், உள்ளூர்க்காரர்கள் தாங்களே எடுத்த சின்னப் படங்களைப் போட்டுக் காட்டுவார்கள். பொம்மி மூன்று வருடம் பெயர் கொடுத்தாள், மூன்று வருடமும் படம் கொடுக்கவில்லை. போன வருடம் நிகழ்ச்சிநிரலில் 'கழுதை, மூன்று நிமிடம்' என்று அச்சே போட்டுவிட்டார்கள். கடைசி நேரத்தில் படம் வராததால் அந்த மூன்று நிமிடத்துக்கு விளக்கைப் போட்டு எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள்.

"நீ பண்ணினதுலயே ஜனங்க ரசிச்சது அதுதான்," என்றான் மெக்கானிக். "உன் படத்துல சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல்."

இந்த வருடம் நூலகர் அம்மாள் கடிதம் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம்தான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படம் வந்து சேர வேண்டும். இந்த முறையும் வராவிட்டால் இனிமேல் உங்கள் பெயரை எழுதிக்கொள்வதற்கில்லை, காத்திருக்கிற மற்றவர்கள் இருக்கிறார்கள். பொம்மி அதை இரண்டு தடவை படித்தாள். ஊரில் வேறு இடமில்லை. அந்த மாடியில் ஓடாவிட்டால் கழுதை வரிசையிலேயே கிழடுதட்டிப்போகும் என்று அவளுக்குத் தெரியும். கடிதத்தைத் திரைக்கு மேலே ஒட்டிவைத்தாள்.

அந்த வாரம் பார்த்து ஒரு பற்பசை விளம்பரமும் கையில் இருந்தது. கைகால் முளைத்த ஒரு பல் துள்ளிக் குதித்து ஓடுகிற முப்பது நொடிப் படம், இருபத்திரண்டு துண்டுக் காட்சிகள். கணினிக்குள் ஓர் உருவம் அசைய வேண்டுமென்றால் அதற்குள்ளே எலும்பு போட வேண்டும். பல்லுக்கு எல்லா எலும்பும் போட்ட பொம்மி, புருவம் வந்ததும் நின்றாள். கழுதையின் புருவம்தான் தயாராக இருக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

எடுத்துக்கொள்வதில் இரண்டு விதம் உண்டு. நகல் எடுத்து இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்வது ஒன்று. 'அங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே இங்கேயும் இரு' என்று ஒரு கயிற்றைக் கட்டிவிடுவது இன்னொன்று. அதற்கு லிங்க் என்று பேர். நகல் எடுத்தால் இடம் அடைக்கும், அழகாக இருக்காது. பொம்மிக்கு வேலை அழகாக இருக்க வேண்டும். கயிற்றைக் கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை சின்ன அளவில் விளம்பரத்தை அனுப்பினாள். பற்பசைக் கம்பெனி மேடத்துக்குப் பரம திருப்தி. புதன்கிழமை காலையில் பெரிய அளவில் ரெண்டர் போட்டாள். ரெண்டர் என்றால், கணினி ஒவ்வொரு படமாக உட்கார்ந்து வரைந்து தள்ளுவது. உலையில் அரிசி போட்ட மாதிரி, நாம் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கிற நேரத்தை வீணாக்குவானேன் என்று பொம்மி மடிக்கணினியைத் திறந்து கழுதையிடம் போனாள். கழுதையின் முகத்தில் என்னவோ குறைந்தது. புருவத்தை எடுத்து, இடதை இன்னும் ஒரு நூல் தூக்கி, வலதை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். ஆகா! அசல் நாத்தனார்.

கயிறு தன் வேலையைச் செய்தது.

சாயங்காலம் ரெண்டர் முடிந்தது. அந்த விளம்பரத்தை நாற்பது தடவை பார்த்திருக்கிறோமே, இன்னொரு தடவை எதற்கு என்று பார்க்காமலேயே அனுப்பினாள்.

வியாழக்கிழமை காலை மேடம் ஃபோன் செய்தார்.

"வாழ்த்துக்கள்," என்றார் முதலில். அது வாழ்த்துகிற தொனியாக இல்லை. "பாதி வரைக்கும் பல்லு சிரிச்சுக்கிட்டே ஓடுது. ரொம்ப அழகு. பாதிக்கு மேல அது எங்களை எடை போடுதும்மா."

"எடை போடுதா?"

"ஒரு குழந்தை பேஸ்ட்டை எடுத்துக் குடுக்குதில்ல? அப்ப ஒரு பார்வை பார்க்குது பாருங்க... எங்க எம்.டி. பார்த்துட்டு, 'ஏன், இந்தப் பல்லுக்கு நம்ம பேஸ்ட் பிடிக்கலையா?'ன்னு கேக்கறார்."

பொம்மி படத்தைப் போட்டுப் பார்த்தாள். பதினொரு காட்சி வரை பச்சைக்குழந்தை மாதிரி இருந்த பல், பன்னிரண்டாவது காட்சியில் வலது புருவத்தைச் சாய்த்து, 'இதெல்லாம் ஒரு பேஸ்ட்டா?' என்று நர்ஸ் பார்க்கிற பார்வையைப் பார்த்தது. அதற்கப்புறம் ஓடுகிற ஓட்டமெல்லாம் அந்த மூஞ்சியோடுதான்.

"நாளைக்குப் பகல் பன்னிரண்டுக்குள்ள மாத்திக் குடுத்துடறேங்க," என்றாள்.

சொன்ன பிறகுதான் கணக்கு உறைத்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. கழுதைப் படத்தில் கடைசிக் காட்சி இன்னும் தொடப்படவில்லை.

மூலப் புருவத்தைப் பழையபடி ஆக்கினால் பல் திருந்தும், ஆனால் கழுதை கெடும். ஆகவே, இப்போது கெடாத முதல் பதினொன்றும் நாளைக்குக் கெடக்கூடாது என்று, பல்லின் இருபத்திரண்டு கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கயிற்றை அறுத்து, பழைய புருவத்தை நகலாக வைத்து, சரியா என்று பார்த்து மூட வேண்டும். ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். சலிப்பு பிடித்த வேலை. பொம்மி முதல் கோப்பைத் திறந்தாள். திறந்தவள் நினைத்தாள்: இருபத்திரண்டையும் தானே திறந்து தானே அறுக்கிற மாதிரி ஒரு சின்னக் கருவி...

மத்தியானம் மெக்கானிக் சாப்பிட வந்தபோது அடுப்படியில் சத்தமில்லை. பின்னறையில் எட்டிப் பார்த்தான். மனைவி திரைக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரு கத்திரிக்கோல் படம் வரைந்துகொண்டிருந்தாள், நகத்தளவு.

"விளம்பரத்துல பல்லுக்கு முடி வெட்டறாங்களா?"

"இல்லைங்க. இது கயிறறுப்பான். கருவி. இதை மட்டும் எழுதிட்டேன்னா இருபத்திரண்டும் ஒரே தட்டுல முடிஞ்சுடும்."

"எழுதிட்டியா?"

"பாதி. இது அதுக்கான பொத்தான்."

"ஓ." அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான். "கைப்பிடிக்கு என்ன கலர்?"

"ஆரஞ்சு."

"நல்லா இருக்கு. எத்தனை பல்லு ஆச்சு?"

பொம்மி கைப்பிடியில் இன்னொரு புள்ளி வைத்தாள்.

"கலர் எடுப்பா இருக்கு, சும்மா சொல்லக்கூடாது," என்று சொல்லிக்கொண்டே அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்கு அந்த நல்ல குணம் உண்டு. கிண்டல் செய்வான், குத்த மாட்டான்.

பொம்மி ஆரஞ்சுக் கத்திரிக்கோலைச் சற்று நேரம் பார்த்தாள். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. பிறகு அதை மூடினாள். சேமிக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்றாள். அது ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டது, ஆறு வருடமாக அவளை அறிந்த கணினி அல்லவா.

"என்னங்க, எனக்கு ஒரு உதவி. நான் நம்பர் சொல்லச் சொல்லப் பேப்பர்ல டிக் போடுவீங்களா? இல்லைன்னா நடுவுல எதையாவது விட்டுடுவேன்."

"மூணு மணிக்கு ஒரு வீட்ல கம்ப்ரசர் பார்க்கணும்." கொஞ்சம் யோசித்தான். "நாளைக்குப் பார்த்துக்கறேன்னு சொல்லிடறேன். அவங்க வீட்ல ஃபேன் இருக்கு."

அடுப்படியில் இருந்த ரொட்டியும் பழமும் சாப்பாடாயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் அறுத்தாள். அவன் சர்வீஸ் அட்டையில் போடுகிற மாதிரி பெரிய பெரிய டிக்காகப் போட்டான். ஏழாவதில் கயிறோடு பல்லின் கண்ணும் சேர்ந்து வந்துவிட்டது.

"அதை அப்படியே அனுப்பு. கண்ணில்லாத பல்லு யாரை எடை போடும்?"

"சும்மா இருங்க. எண்ணிக்கை தப்பிடும்."

இருட்டுவதற்குள் இருபத்திரண்டும் முடிந்தது. மறுநாள் காலையில் ரெண்டர் முடிந்தபோது பொம்மி இந்தத் தடவை முப்பது நொடியையும் கண்கொட்டாமல் பார்த்தாள், மூன்று தடவை. பதினொன்றரைக்கு அனுப்பினாள். பன்னிரண்டே காலுக்கு மேடத்திடமிருந்து, "பல்லு மனசு மாறிடுச்சு, நன்றி," என்று பதில் வந்தது.

இனி கழுதை. ஐந்து மணிக்கு இன்னும் ஐந்து மணி நேரம்கூட இல்லை.

கடைசிக் காட்சியை அவள் மனசுக்குள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கழுதை கவுண்டரை எட்டுகிறது. பின்னால் முப்பது பேர் கொண்ட வரிசை ஒரே நேரத்தில் நெளிகிறது, ஒருவர் கொட்டாவி விடுகிறார், ஒருவர் கால் மாற்றி நிற்கிறார். வரிசைக்கட்டி பிறந்ததே அந்தக் காட்சிக்காகத்தான். பொத்தானை அழுத்தினாள். முப்பது பேரும் சமர்த்தாக வந்து நின்றார்கள். ரெண்டர் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணினியைக் கேட்டாள். ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் என்றது.

கூட்டத்தை இருபதாக்கினாள். நெளிவதைக் குறைத்தாள். நிழலை எடுத்தாள். ஐந்தேகால் மணி நேரம் என்றது. இரண்டு மணி ஆகியிருந்தது.

காலை வேலை முடிந்து நர்ஸ் அப்போதுதான் உள்ளே வந்தாள். "என்ன அண்ணி, என் புருவம் எந்த நிலைமையில இருக்கு?" என்று கேட்டவள், பொம்மியின் முகத்தைப் பார்த்ததும் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இந்த வருஷமும் டீதான்," என்றாள் பொம்மி. "கூட்டம் வரைஞ்சு முடிய ஏழு மணி ஆயிடும்."

"எந்தக் கூட்டம்?"

"கழுதைக்குப் பின்னாடி நிக்கற கூட்டம்."

நர்ஸ் திரையைப் பார்த்தாள். "அவங்க எதுக்கு?"

"எதுக்கா? ஒரு வருஷம் உக்காந்து எழுதியிருக்கேன்! ஒருத்தன் கொட்டாவி விடறான் பாரு."

"விடறான், பாவம். ஆனா அண்ணி, என்கிட்ட தினமும் வரிசையில வர்றாங்களே, அவங்க முறை வரும்போது பின்னாடி இருக்கறவங்களை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கறதில்லை. என் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. நான் திட்டப்போறேனா, உள்ள விடப்போறேனான்னு. நானும் அவங்க மூஞ்சியைத்தான் பார்ப்பேன். அந்த நேரத்துல பின்னாடி யானையே நின்னாலும் எனக்குத் தெரியாது."

பொம்மி திரையைப் பார்த்தாள். இருபது பேரும் திரையில் சமர்த்தாக நின்றார்கள். ஒரே ஒரு தட்டு தட்டினாள். இருபது பேரும் போனார்கள். எவ்வளவு சீக்கிரம் போனார்கள் என்று பார்க்க அவளுக்கே கொஞ்சம் வலித்தது. கேமராவைக் கழுதையின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். காது திரைக்கு வெளியே போயிற்று, காதாட்டிக்கு வேலையில்லை. வாலைப் பற்றிப் பேச்சே இல்லை. பன்னிரண்டு கருவிகளும் வரிசையாகப் பொத்தான்களில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கழுதையின் தாடையைப் பிடித்து, கையாலேயே ஒவ்வொரு அசைவாக நகர்த்தினாள். ஒரு மெல்லல். ஒரு நிறுத்தம். கவுண்டருக்குள்ளிருந்து நாத்தனாரின் குரல்: "அடுத்தது யாரு?" கழுதை மேலே பார்க்கிறது. இன்னும் ஒரே ஒரு மெல்லல். விழுங்கல். அப்புறம் இடது புருவம், மெதுவாக.

"ஐயோ, நான் இப்படியா பார்க்கறேன்?" என்றாள் நர்ஸ்.

"இதைவிட மோசமா."

மூன்றரைக்கு ரெண்டர் போட்டாள். நாலே கால் தாண்டி முடிந்தது. மற்றக் காட்சிகளோடு ஒட்டி, நூலகத்துக்கு அனுப்புகிற பக்கத்தில் ஏற்றும்போது மணி நான்கு முப்பத்தெட்டு. மெக்கானிக் அரக்கப்பரக்க வந்து சேர்ந்தான். ஒருவரும் ஃபோனைத் தொடக்கூடாது, நெட் போய்விடும் என்று உத்தரவு போட்டுவிட்டு, மோடத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்ப்ரசர் சத்தம் கேட்கிற மாதிரி அதில் காதை வைத்தான்.

"என்ன அண்ணா, நாடி துடிக்குதா?"

"பேசாதே. சூடாகுது."

நான்கு ஐம்பத்து மூன்றுக்கு 'கிடைத்தது' என்று வந்தது. மெக்கானிக் அப்போதுதான் மோடத்திலிருந்து காதை எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள், முக்கால்வாசி நிறைந்தது. 'கழுதை, மூன்று நிமிடம்' என்ற வரி திரையில் வந்தபோது பின்வரிசையில் யாரோ எழுந்து டீ மேசைப் பக்கம் போனார். போன வருடம் மாதிரி விளக்கு எரியும் என்று நின்றார். எரியவில்லை, படம் ஓடியது.

பொம்மி படத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் நெளிகிற காட்சிகள் போயின; யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டாவி விடுகிறவன் வந்தான், போனான். கடைசிக் காட்சியில், அந்த ஒரு நிறுத்தத்தில், டீ மேசைப் பக்கம் போனவர்கூடத் திரும்பிப் பார்த்தார். கழுதை விழுங்கியது. முதலில் ஒரு பெண் சிரித்தாள், அப்புறம் எல்லோரும். மெக்கானிக் அவள் முழங்கையை இடித்தான். பேச ஆரம்பித்து, அதிசயமாக, நிறுத்திக்கொண்டான்.

விளக்கு வந்ததும் யாராவது கேட்பார்கள் என்று அவளுக்கு ஒரு ஆசை. இந்தக் கேள்விகளுக்கு ஆறு வருடமாகப் பதில் தயார்: இந்தக் கூட்டத்தை எப்படிச் செய்தீர்கள், காது எப்படி அப்படி ஆடுகிறது? ஒருவரும் கேட்கவில்லை. வெளியே போகிற வழியில் ஒரு அம்மாள் மட்டும் அவளைத் தேடி வந்தார். வெள்ளைத் தலை, கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"நீதானே அந்தக் கழுதைப் படம் எடுத்தது?"

"ஆமாங்க."

"முப்பத்தோரு வருஷம் நான் கவுண்டர்லதான் இருந்தேன். அதே மாதிரி ஜன்னல்." அவர் சிரித்த கூட்டத்தோடு சிரிக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "அதை அப்படியே விட்டுட்டியேம்மா. ஃபாரம் இல்லைன்னா அது மறுபடி கடைசியில போய் நிக்கணுமா?"

"அது... அதோட படம் முடிஞ்சுதுங்க."

"எங்கிட்ட வந்திருந்தா இன்னொரு ஃபாரம் குடுத்திருப்பேன். மேசை டிராயர்ல எப்பவும் நாலஞ்சு வச்சிருப்பேன். மழையில நனைச்சுட்டு வர்றவங்க இருப்பாங்க, தப்பா எழுதிட்டு அழறவங்க இருப்பாங்க. தின்னுட்டு வந்தவங்க இல்லைதான்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இருந்தாலும் குடுத்திருப்பேன்."

சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

பொம்மி அங்கேயே நின்றாள். கழுதையின் பின்னால் நிற்கிற முப்பது பேரையும் ஒரு வருடம் உட்கார்ந்து யோசித்தவள், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை இருக்கும், அதில் ஒரு டிராயர் இருக்கும் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

"என்ன அண்ணி, திட்டிட்டாங்களா?" என்று நர்ஸ் கிட்டே வந்தாள்.

"இல்லை," என்றாள் பொம்மி. "உள்ள விட்டுட்டாங்க."